சுமாரம்மா

ஷர்லியின் கைகள் பழைய புகைப்படம் ஒன்றின் கண்ணாடி நெகட்டிவைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. பச்சைப்பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும்போது பிடிக்கிற பிடி. வெள்ளைப் பருத்தி உறை மாட்டிய விரல்கள், மெல்லிய தூரிகை, தூசி ஊத ஒரு ரப்பர் பந்து. தும்மல் வந்தால் தகட்டைப் பஞ்சுமெத்தையில் கிடத்திவிட்டு, வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார். அந்தக் கையுறைகளை வீட்டில்தான் துவைத்துக் கொடியில் போடுகிறார். “ஷர்லி வீட்ல ஆளவிடக் கை நெறையக் காயுது” என்பது தெருவில் பழகிப்போன பேச்சு.

புதுக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவு அவருடைய பொறுப்பு. சொந்த ஊர் குளத்தூர். வேதியியல் படித்தவர் என்பதால் பழைய செப்புப் பாத்திரங்களில் களிம்பு எடுக்கத்தான் வேலைக்கு வைத்தார்கள். ஒருநாள் திருவரங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர், தற்செயலாகச் சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும், முடி வெளுத்து வேட்டி கறுத்து, தலைகீழாக நின்றார்கள். ஸ்டுடியோக்காரர் ஒருவர் கடையை மூடியபோது நெகட்டிவ்களையெல்லாம் கண்ணாடி விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஷர்லி பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். வீட்டுக்காரருக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்து, பழையதைக் கழற்றி வந்தார்.

களிம்பு வேலை அதோடு போயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் ஆளைப் பார்க்குமுன் ஜன்னலைப் பார்ப்பார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இத்தனை படங்களைக் காப்பாற்றியவருக்கு ஒரு படம் ஒழுங்காக எடுக்க வராது என்பது வேறு கதை. செல்போனில் எடுத்தால் மூலையில் அவர் கட்டைவிரலும் சேர்ந்து விழும்.

படத்தைப் பார்த்து ஆண்டு சொல்லுவார். ரவிக்கைக் கையின் நீளம், காதில் தொங்குவது, பின்னால் கட்டிய திரைச்சீலை எல்லாம் பார்த்து ‘சுமார் 1910’, ‘சுமார் 1940’ என்று பென்சிலால் எழுதுவார். மையால் எழுதமாட்டார். நாளடைவில் அந்தச் ‘சுமார்’ நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் “சுமார் ரெண்டு வடை குடுங்க” என்பார். காவலாளி அடைக்கலம் வைத்த பெயர்தான் சுமாரம்மா. “மேடத்துக்குக் கல்யாணமாகி சுமார் இருவத்தெட்டு வருசம். வீட்டுக்காரரும் சுமார்தான்” என்பார் அடைக்கலம், அவர் காதில் விழும்படியாகவே.

இந்த வருடம் பழைய ஸ்டுடியோப் படங்களின் கண்காட்சி ஒன்றை ஷர்லி ஏற்பாடு செய்தார். அதற்கான புத்தகத்தை அச்சுக்கு முன் நிர்வாகி பாலாஜி புரட்டிப் பார்த்தார்.

“மேடம், பக்கத்துக்குப் பக்கம் சுமார்னு இருந்தா புத்தகமே சுமார்னு சொல்லிருவாங்க. ஒண்ணாச்சும் அடிச்சுச் சொல்லுங்க.”

ஷர்லி அடித்துச் சொன்னார். அரிமளம் ஸ்டுடியோவில் எடுத்த ஓர் இளைஞனின் படம். பின்னால் அன்னம் மிதக்கும் குளம் வரைந்த திரை, உடம்பில் அகலக் காலர் வைத்த கோட்டு. இரண்டும் ஒரே காலத்தைக் காட்டின. ‘பெயர் தெரியாதவர், 1925’ என்று மையால் எழுதி, படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைத்தார். திறப்பு விழாவன்று அடைக்கலம், அந்தக் காலத்து மனுசனுக்கு மரியாதை என்று சந்தனப் பொட்டு வைத்து, ரோஜா மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றினார். மறுநாள் பத்திரிகையில் மாலையோடு அந்தப் படம்தான் வந்தது.

அன்று மத்தியானமே பத்திரிகையும் குடையுமாக ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். அரிமளம் ஆண்டிச்சாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை. மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று படத்தைப் பார்த்தார்.

“என்னையக் கொன்னது யாரு?”

அடைக்கலம் கொஞ்சமும் யோசிக்காமல் ஷர்லியைக் கைகாட்டினார்.

“ஐயா, இந்தக் கோட்டு...” என்று ஷர்லி தொடங்கினார்.

“கோட்டு ஸ்டுடியோக்காரனுது, தாயி. அவுக அப்பன் காலத்துக் கோட்டு. அங்கிட்டு வாரவன் போறவனுக்கெல்லாம் அதைத்தான் மாட்டிவிடுவான். எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சுன்னு முதுகுல கிளிப்புப் போட்டு இழுத்துவிட்டான். நான் வேலையில சேந்த வருசம் எடுத்தது.”

ஷர்லி படத்தைப் பார்த்தார். தோளில் வழிகிற கோட்டு மார்பில் மட்டும் இறுகிக் கிடந்தது. காலரை அளந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

“வருசம் கெடக்கட்டும். நாளைக்கு எனக்குக் கண்ணு ஆபரேசன். சோத்துல கெடக்கிற கல்லு தெரியல எனக்கு. மருமக பேப்பரப் பாத்துட்டு, படத்துக்கு மாலை விழுந்திருச்சு, இப்பக் கத்தி வைக்கக் கூடாதுன்னு நிக்கிறா.”

“செத்துட்டாகன்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிங்க” என்றார் அடைக்கலம்.

“சேதி வந்தாக் கெட்டிதான். மாலை விழுந்தா?”

அடைக்கலம் படத்தருகே போனார். மாலையைக் கழற்றி, கழற்றிய கையோடு அவர் கழுத்தில் போடப் போனார். பெரியவர் குடையை நீட்டித் தடுத்தார். “செத்தவன் மாலை எனக்கெதுக்குய்யா?”

ஷர்லி விளக்கை அணைத்தார்; பொட்டை ஈரப் பஞ்சால் துடைத்தார். பிறகு மருமகள் செல்வராணிக்குப் போன் போட்டார்.

“தப்பு என்னுதும்மா. ஐயா நல்லா இருக்காங்க. என்னையத் திட்டிக்கிட்டிருக்காங்க.”

“நீங்க எங்கிட்டச் சொன்னாப் போதுமா? ஊரே பாத்திருச்சு” என்றாள் செல்வராணி. “படத்துக்குப் போட்ட மாதிரி ஆளுக்குப் போடுங்க, நாலு பேரு பாக்க. பெறகு பேசுவோம்.”

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரி வாசலில் ஷர்லி புது ரோஜா மாலையோடு நின்றார். யாரோ கட்சிக்காரர் வருகிறார் என்று நினைத்து வரிசை வழிவிட்டது. மாலை விழுந்ததும் அடைக்கலம் கைதட்ட, என்ன ஏது என்று தெரியாமலே நாலைந்து பேரும் தட்டினார்கள். செல்வராணி மாமனாரின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தாள். “சரி மாமா, உள்ள போங்க.”

“பூவெல்லாம் உள்ள கூடாது” என்று நர்ஸ் உடனே மாலையைக் கழற்றச் சொன்னாள். உயிரோடிருப்பவருக்கு விழுந்த மாலையை உடனே கழற்றுவதுதான் முறை. “வயசு என்ன ஐயா?”

ஆண்டிச்சாமி ஷர்லி பக்கம் தாடையை நீட்டினார். “அந்தம்மாவக் கேளு. அது கணக்குல எனக்கு நூத்திருவதுக்கு மேல.”

ஷர்லி பைக்குள்ளிருந்து படத்துக்கு வைக்கவேண்டிய புது அட்டையை எடுத்தார். ‘ஆண்டிச்சாமி, அரிமளம்’ என்று மையால் எழுதியிருந்தது. அதன் கீழே ‘சுமார்’ என்று மட்டும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் வருடத்துக்கு இடம் விட்டிருந்தார். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, பெரியவரிடம் நீட்டினார்.