சரோஜினி நகரில் இருபத்துநாலு மில்லி

வெள்ளி மாலை ஆறரைக்கு டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் நானும் என் தங்கையின் பைக்கும் இறங்கினோம். பார்சல் வேனில் ஏற்றும் வண்டியின் டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது என்பதால், நாகர்கோவிலிலிருந்து வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தது. அறுநூறு ரூபாய்க்கு டெம்போ பிடித்து, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சரோஜினி நகர் போய்ச் சேர்ந்தோம்.

தங்கை மெர்சி இங்கே நர்ஸ். ஞாயிறன்று மானேசர் பக்கம் மணலில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுகிறாள். இருநூற்றைம்பது சிசி என்ஜின், என் பட்டறையில் நான் பூட்டியது. கம்ப்ரஷன், அதாவது பெட்ரோல் கலவையை அமுக்கும் விகிதம், பதிமூன்றுக்கு ஒன்று என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். போன வருஷப் பந்தயத்தில் மணல்மேட்டில் மூன்று முறை ஏறமுடியாமல் சறுக்கிவிட்டு, "என் கைதான் சரியில்லண்ணே" என்று போனில் அழுதாள். இன்னும் பழகு என்று உபதேசம் செய்தேன். இந்த முறையும் ஏறாவிட்டால் பைக்கை விற்றுவிடுவதாகச் சொல்லித்தான் பிஸ்டன் ரிங் மாற்ற என்னிடம் அனுப்பியிருந்தாள்.

சனி காலை எட்டு மணி. பைக்கைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனோம். சாதா பெட்ரோல் லிட்டர் தொண்ணூற்றைந்து ரூபாய். ஆக்டேன் தொண்ணூற்றைந்து என்று எழுதியது நூற்றுச் சொச்சம். ஆக்டேன் நூறு என்றால் நூற்றறுபது ரூபாய். என்ஜின் எவ்வளவு இறுக்கமாக அமுக்குகிறதோ அவ்வளவு உயர்ந்த ஆக்டேன் வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் பங்குக்காரர் நூறு போட்டால் பறக்கும் என்றார். பின்னால் நின்ற கார்க்காரர் அது காசைக் கரியாக்கும் வேலை என்றார். இன்னொருவர் எத்தனால் கலப்பைப் பற்றிப் பாடமே நடத்தினார். எதையும் போடாமல் திரும்பினேன்.

பதினோரு மணிக்கு கரோல் பாக், பைக் சாமான் கடைகள். ஒரு கடையில் ஆக்டேன் ஏற்றும் மருந்து என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். அடுத்த கடையில் அதை விஷம் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும் கம்ப்ரஷனை அளந்தீர்களா என்று கேட்டார். பதிமூன்று என்று அச்சிட்ட பிஸ்டன் பெட்டியின் போட்டோவைக் காட்டினேன். அவர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?" என்று மெர்சியிடம் கேட்டேன்.

"பொட்டியில எழுதியிருக்கு, என்ஜின்ல எழுதலையேங்காரு."

எனக்குச் சுருக்கென்றது. மெர்சிக்கு வேறு யோசனை. "வாண்ணே வீட்டுக்கு. அளக்காம நாங்க யாருக்கும் மருந்து குடுக்கமாட்டோம்."

மதியம் இரண்டு மணி. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஊசிக்குழாயால் ஆயிலை இறக்கினாள். பதிமூன்று என்றால் இருபத்தொரு மில்லியில் நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை. இருபத்துநாலில்தான் தளும்பியது. கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் பதினொன்றரைகூட வரவில்லை.

மறுபடி அளக்கச் சொன்னேன். அதே இருபத்துநாலு. அப்புறம்தான் உறைத்தது.

"மெர்சி, ஆயில் கசியுமோன்னு பயந்து சிலிண்டருக்கு அடியில ரெண்டு கேஸ்கட் வச்சேன். அதுல சிலிண்டர் ஒசந்து, பிஸ்டனுக்கு மேல எடம் கூடி, என்ஜினுக்கு இழுவை கொறஞ்சுட்டு. இந்தத் தடவையும் அப்படியேதான் வச்சேன்."

அவள் ஊசிக்குழாயைக் கீழே வைத்தாள். "அப்ப என் கை?"

"கையில ஒரு கொறையும் இல்ல. தப்பு என்னோடது."

"ஒரு வருஷம்ணே. டூட்டி முடிஞ்சு வந்து தெனமும் டம்பெல்ஸ் தூக்குனேன்."

நான் குனிந்து சிந்திய ஆயிலைத் துடைத்தேன். அவளே ஸ்பானரை எடுத்து நீட்டினாள். "அச்சா, ஒண்ண எடு. ஜல்தி."

மாலை ஆறுக்கு ஒரு கேஸ்கட்டோடு பூட்டி மறுபடி அளந்தோம். இருபத்தொன்று. காலையில் இருந்த என்ஜினுக்கு ஆக்டேன் தொண்ணூற்றைந்தே தாராளம். இந்த என்ஜினுக்கு நூறுதான். ஐந்து லிட்டர் போட்டோம்.

ஞாயிறு காலை பத்து மணி. நாற்பது கிலோமீட்டர் பயணத்துக்குப்பின் அதே மணல்மேடு. முதல் முயற்சியிலேயே ஏறினாள். பந்தயத்தில் ஏழாவதாகத்தான் வந்தாள். ஆனால் விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

திங்களன்று ரயில் ஏறுமுன் மருந்துக்கடையில் ஐம்பது மில்லி ஊசிக்குழாய் ஒன்று வாங்கிக்கொண்டேன். என்ன பெட்ரோல் போடலாம் என்று ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகப் பெட்டியைக் காட்டித்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் தங்கள் கையை நொந்துகொண்டிருக்கிறார்களோ.