அனுமதியில்லாமல் லிங்க் கொடுக்கக் கூடாது

ரஹீம் பாய் என் கடைக்குள் வரும்போதே கையில் ஒரு பதிவுத் தபால் இருந்தது.

"ஏம்மா, என்மேல கேஸு போடப்போறாங்களாம். அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன், நீயே படிச்சுச் சொல்லு."

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பதினைந்து வருஷமாக வெப்சைட் செய்துகொடுக்கிறேன். ரஹீம் பாய் இங்கே மிளகு, ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்கிறார். கடிதம் அனுப்பியவர் மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டைச் சேர்ந்த பொன்னுசாமி அண்ணன். அங்கே மிளகுத் தோட்டம், தோட்டத்துக்குள் வெளியூர்க்காரர்கள் தங்க இரண்டு அறை. இரண்டு பேருடைய வெப்சைட்டும் நான் செய்ததுதான்.

நடந்தது இவ்வளவுதான். பாய் தன் சைட்டில், "மலைமேல் மிளகு என்ன விலை என்று நீங்களே பாருங்கள்" என்று எழுதி, பொன்னுசாமி அண்ணனின் விலைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார். பாயின் விலை குறைவு. பார்ப்பவர்கள் பார்த்துவிட்டு பாயிடமே திரும்பி வந்து வாங்கினார்கள்.

கடிதத்தில், "எங்கள் தளத்தின் பதினோராவது நிபந்தனைப்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தப் பக்கத்துக்கும் லிங்க் கொடுக்கக் கூடாது" என்று இருந்தது. அந்த நிபந்தனையை எழுதியது நான். எழுதியது என்பதுகூடப் பொய். கோவாவில் ஏதோ ஒரு ரிசார்ட்டின் சைட்டிலிருந்து மொத்தமாக காப்பி அடித்து, அவசரமாகத் தமிழாக்கி ஒட்டியிருந்தேன். முழுசாகப் படித்ததுகூட இல்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அம்மிணி, என்ற ஊட்டுக் கதவைத் தொறந்து ஊருக்கே காட்டறாரு அந்த பாய். இதைத் தடுக்கத்தானே நீ நிபந்தனை போட்டுக் குடுத்தே?"

யார் பக்கம் பேசினாலும் ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். இங்கே ஒருவர் போனால் அவர் பின்னால் பத்துப் பேர் போவார்கள். அதனால் இரண்டு பேரையும் நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். பொன்னுசாமி அண்ணன் எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்த தலைசுற்றலிலும் கோபத்திலும் இருந்தார்.

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். "வெறும் லிங்க் குடுக்கக் கூடாதுன்னு தடுக்கற சட்டம் எனக்குத் தெரிஞ்சு நம்ம நாட்டுல இல்லீங்க. உங்க ஊட்டுக்கு ஒருத்தர் வழி சொல்றாரு, அவ்வளவுதான். உங்க பக்கத்தைத் தன்னுதுன்னு காட்டினாலோ, பொய் சொன்னாலோ அப்பப் பேசலாம்."

"அப்ப நிபந்தனைங்க?" என்றார் அண்ணன்.

"அதை பாய் எப்பங்க ஒத்துக்கிட்டாரு? சரி, என்னதான் எழுதியிருக்குன்னு பார்ப்போம்."

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"விருந்தினர்கள் கடலில் குளிக்கும்போது சிவப்புக் கொடிக்கு அப்பால் செல்லக் கூடாது."

"மலைமேல இருக்கற அருவியைச் சொல்லியிருக்குமோ?" என்றார் பாய். எனக்குக் கைகொடுக்கத்தான் பார்த்தார், பாவம்.

வக்கீலம்மா மேலே படித்தார். "எந்தத் தகராறும் கோவா நீதிமன்றத்திலேயே தீர்க்கப்படும்."

பொன்னுசாமி அண்ணன் கவலையோடு கேட்டார். "ஏனுங்க, கோவாவுக்கு சேலத்துலயிருந்து பஸ் இருக்குதுங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அதோடு முடியவில்லை. வக்கீலம்மா பாயின் சைட்டையும் திறந்து பார்த்துவிட்டு, "இந்த மிளகுக் கொடி படம் யாருது?" என்றார்.

"என்ற தோட்டமுங்க!" அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பக்கத்துல நிக்கறது என்ற சம்சாரம்!"

"இதுக்கு நீங்க தாராளமா கேஸு போடலாம். கேக்காம படத்தை எடுத்துப் போட்டது தப்புதான். போட்டது யாரு?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல படம் கிடைக்கவில்லை என்று அண்ணனின் சைட்டிலிருந்து நான்தான் எடுத்துப் போட்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து போனிலேயே அழித்தேன். பாய், "தங்கச்சி படம்னு தெரியாதுங்க, மன்னிச்சுக்கங்க" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் கேஸ் பேச்சே வரவில்லை. என்மேல் கோபப்படுவதில் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

ஆனாலும் அண்ணன் விடவில்லை. விலைப் பக்கத்துக்கு பாஸ்வேர்ட் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த வாரமே அழைத்தார்.

"அம்மிணி, பூட்டை எடுத்துரு. பாஸ்வேர்ட் கேட்டு நாள் முச்சூடும் போன் வருது. சிக்னலுக்கு நான் மேட்டுக்கு ஏறி ஏறி முட்டி போச்சு. வெலைக்குக் கீழ 'இது கையால பொறுக்குன மிளகு, வந்து மோந்து பாருங்க'ன்னு ஒரு வரி மட்டும் சேத்துரு."

அந்த வரியை பாய் வழியாக வந்தவர்களும் படித்தார்கள். சிலர் மலையேறிப் போய் வாங்கினார்கள். லிங்க் இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வழி காட்டுவது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. லிங்க்குக்குப் பயப்படாதீர்கள், படத்துக்குப் பயப்படுங்கள். நிபந்தனைகளை வாடிக்கையாளர் முன்னால் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படியுங்கள். அவர் கொட்டாவி விடுகிற வரியை எடுத்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். யாருக்கும் நாலு வரிக்கு மேல் மிஞ்சியதில்லை.