காம்பு கீழே பார்த்து வைத்த மாங்காய்கள்

அண்ணே, நீ கடைசியாகப் பறித்த மாங்காய்கள் எல்லாம் பழுத்துவிட்டன. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அன்றைக்கு அய்யனார் கோவில் போகிற வழியில் நம் குத்தகைத் தோப்பில் சப்பட்டை ரக மாங்காய் பறித்தோம். நீ மரத்தில் நின்று வலைக்கம்பால் இறக்கினாய். நான் கீழே காம்பை ஒடித்து, ஒடித்த பக்கம் தரையைப் பார்க்கச் சாக்கில் கவிழ்த்தேன். ஒன்றை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டேன். அதையும் மேலேயிருந்து பார்த்துவிட்டாய்.

“ஏட்டி, பால் வடியட்டும், கவுத்து வை. தோலுல பட்டா வெந்து கறுத்துப்போகும். ஒன் மூஞ்சியில வடிஞ்சாத்தான் ஒனக்குப் புரியும்.”

“எம் மூஞ்சி ஒன் மூஞ்சிக்கு எம்புட்டோ தேவல.”

சாயங்காலம் எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். மறுநாள் காலையில் பழப்பெட்டி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பைக்கில் போனாய். வழியில் லாரி மோதிவிட்டது.

அதற்குப் பிறகு கொட்டகையை யாரும் நினைக்கவில்லை. ஒரு நாள் அங்கிருந்து புளித்த வாடை வந்தது. போய் வைக்கோலை விலக்கினேன். ஒரு பழம் காம்புப் பக்கம் அழுகி நீர் விட்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த பழமும் அழுக ஆரம்பித்திருந்தது.

தாய்மாமா கொட்டகை வாசலிலேயே நின்று சொன்னார். “துட்டி வீட்டுல கருமாதி முடியுற வரைக்கும் ஒரு வேலையும் பாக்கக் கூடாது. யாவாரிட்ட சொல்லிட்டேன். அள்ளிட்டுப் போயி கல்லு வச்சுப் பழுக்க வச்சுக்கிடுவான்.”

“கார்பைட் கல்லு வேண்டாம் மாமா. அண்ணன் ஒருநாளும் வச்சதில்ல.”

“அவனே போயிட்டான். மாங்காய வச்சு என்னட்டி பண்ணப் போற?”

“அவன் பறிச்சது. அழுக விட மாட்டேன். கல்லுலயும் போட விட மாட்டேன்.”

நான் உள்ளே போய் அழுகியதைப் பொறுக்கினேன். ஈர வைக்கோலை வெளியே தள்ளினேன். மற்றதை உலர்ந்த துணியால் துடைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தேன். அழுகை வந்தது. பழத்தில் கண்ணீர் விழுந்தபோதெல்லாம் அதையும் துடைத்தேன், ஈரம் ஆகாதல்லவா.

துக்கம் கேட்க வந்த ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னாள். “அண்ணனப் பறிகொடுத்துட்டு மாங்கா பொறுக்குதா பாரு.” காதில் விழுந்தது. மறுநாளும் போனேன். தினமும் போனேன்.

அம்மா அதுவரைக்கும் நீ படுக்கும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பழமும் காயும் ஒண்ணாக் கெடக்கு. அவன் இப்படியா போடுவான்?”

அப்படியே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காம்புப் பக்கம் மோந்து பார்த்துப் பிரித்தாள். இன்னும் பழுக்காததை நான் தனியே அடுக்கினேன். சாயங்காலம் மாமா ஒரு கட்டு வைக்கோலோடு வந்தார். “யாவாரிய வரவேண்டாம்னுட்டேன்” என்று மட்டும் சொல்லி அதை இறக்கிப் போட்டார்.

கருமாதி அன்று சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பழம் கொடுத்தோம். அந்தப் பெரியம்மா கொட்டை வரைக்கும் சப்பிவிட்டு, “இன்னொண்ணு கெடக்கா, ஏட்டி?” என்றாள். கொடுத்தேன். உன் படத்துக்கு முன்னால் வைத்த பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கூட இல்லை, அண்ணே.

அடுத்த வருசமும் தோப்பை நான்தான் பார்ப்பேன். மரத்தில் ஏற மட்டும் ஆள் வைக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோவிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, நீங்கள் போகிற இடத்தில் எங்கள் அண்ணனையும் ஒரு நிமிடம் நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள். முதலில் அழுகிப்போனதைத் தவிர அவன் கைபட்ட பழம் எதுவும் வீணாகவில்லை என்பது அவனுக்கும் தெரியட்டும்.