ரயிலைப் பிடித்த கால்கள்

மகளை மாநில பேஸ்பால் அணித் தேர்வுக்குத் தயார் செய்த கோடையில் என் வலது தோள்பட்டை போனது. இன்றும் தலை சீவுவது இடது கையால்தான். சீவுவதற்கு அதிகம் இல்லை என்பது ஒரு வசதி.

நான் கிரிக்கெட்டில் வளர்ந்தவன். ஆடியது குறைவு, சோபாவில் சாய்ந்து கருத்துச் சொன்னது அதிகம். மட்டை பிடித்தவர் சிக்சர் அடித்தே ஆக வேண்டும் என்பது என் மதம். அலுவலகம் முடிந்து இந்த வெளிநாட்டுப் புறநகரான கிரெய்கிபர்னில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் பின்புறத்து வலைக்குள் அவளுக்குப் பந்து போடுவேன். "ஓங்கி அடிம்மா, ஓங்கி." பலம் வரட்டுமென்று முட்டை, பாதாம், நெய் என்று வேறு வாங்கிக் குவித்தேன். எடை ஏறியது எனக்கு.

அவளுடைய கிளப்பில் பயிற்சி கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். என்னைப் பார்த்தாலே அவருக்கு அலுப்பு.

"என்ன தம்பி செய்யிறீர்? பிள்ளைக்குக் கால் இருக்கு. சும்மா தட்டிப்போட்டு ஓடினாளெண்டா, பந்து எடுக்கிறவைக்குக் கை நடுங்கும். பலம் பிறகும் ஏத்தலாம். வேகம் கடையில விக்கிறேல்லை."

"தட்டினா யாருண்ணே பாப்பாங்க?"

"ஓம், நீர் பாக்க மாட்டீர். தேர்வு செய்யிறவை பாப்பினம்."

நான் கேட்கவில்லை. அவளுக்கோ அதுதான் கடைசி வாய்ப்பு. மறு வருடம் வயது தாண்டிவிடும்.

தேர்வு நாளில் நான் சொல்லிக்கொடுத்தபடியே ஓங்கினாள். காற்றில்தான் பட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாவதும் தவறினால் அவுட். திரும்பி என்னைப் பார்த்தாள். தப்பான தெருவில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரைப் பார்ப்பது போன்ற பார்வை.

மூன்றாம் முறை என் பக்கமே திரும்பவில்லை. பந்தை லேசாகத் தட்டினாள். அது புல்லில் சோம்பேறித்தனமாக உருண்டது. கிரிக்கெட்டாக இருந்தால் ஓடாமல் நின்று அடுத்த பந்தைப் பார்க்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது. மட்டையைப் போட்டுவிட்டு, பந்து போய்ச் சேருமுன் முதல் தளத்தை மிதித்தாக வேண்டும். அவள் ஓடினாள். பந்தை எடுத்த பெண் பதறி நழுவவிட்டாள். அடுத்த பெண்ணுக்குப் பந்து வீசப்படும்போதே இவள் நைசாக ஓடி இரண்டாம் தளத்தில் இருந்தாள், கொஞ்ச நேரத்தில் மூன்றாவதில். நான் 'ஓங்கி'யை மறந்து 'ஓடு, ஓடு' என்று கத்தினேன்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் ஒருவர் அவளிடம், இப்படி ஓட யார் பழக்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"அப்பாதான் காலையில ஸ்டேஷன்ல டிராப் பண்ணுவார்" என்றாள், அதுவும் ஆங்கிலத்தில். "எப்பவுமே லேட். டெய்லி ட்ரெயினை ஓடித்தான் பிடிப்பேன்."

பக்கத்தில் நின்ற அண்ணன் என் முதுகில் தட்டினார். "பாத்தீரே, உம்மட கோச்சிங்தான்."

சாயங்காலம் அவள் பெயரை வாசித்தார்கள். அவள் துள்ளினாள். நான் காரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இனி வாரத்தில் பாதி நாள் ஊரின் மறுகோடியில் பயிற்சி. ஓட்டுநர் யாரென்று கேட்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை, வாழ்நாளில் முதல் தடவையாக, நேரத்துக்கு முன்பே கார் சாவியோடு வாசலில் நின்றேன். அவள் படியில் உட்கார்ந்து ஷூ லேஸை மெதுவாக அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"கொஞ்சம் லேட்டாவே போலாம்ப்பா."

தோள் வலித்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.