கல் அல்ல, கடற்பஞ்சு

“வெளிய எடுக்காதீங்க சார்! வாளிக்குள்ளயே பாருங்க!”

அவள் படகில் முழங்காலிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பச்சைச் சாயத்தை வாளித் தண்ணீருக்குள் மெல்ல விட்டாள். உள்ளே, கையளவு பாறைத் துண்டின் மேல், மூன்று பழுப்புக் குழாய்களாக ஒரு கடற்பஞ்சு. சாயம் அதன் பக்கவாட்டில் பட்டு மறைந்தது. சில நொடிகளில் உச்சித் துளை வழியாகப் பச்சையாகப் புகைந்து வந்தது.

துறைமுக ஆய்வாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “அட, ஊதுது!”

“சாப்பிடுது சார். உடம்பெல்லாம் பொடி ஓட்டை. அது வழியா தண்ணிய இழுத்து, கண்ணுக்குத் தெரியாத கிருமிய சலிச்சுத் தின்னுட்டு, மிச்சத்த மேல விடுது. வயிறு கிடையாது, இதயம் கிடையாது. ஆனா வேலை நிக்காது.”

எஞ்சின் பக்கத்தில் இருந்த அவள் கணவன் சிரித்தான். “என்னை ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பாளா கேளுங்க சார்.”

“நீங்க தின்னுட்டுத் தூங்குறவரு. இது தின்னுட்டுத் தண்ணியச் சுத்தம் பண்ணுது.”

ஆராய்ச்சி நிலையத்துக்குக் கண்ணாடி ஜாடி கழுவ வந்தவள் அவள். முக்குளிக்க ஆள் கிடைக்காத ஒரு வருடம், கற்றுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பவளத்திட்டின் சரிவில், வெயில் மங்கி நீரோட்டம் வலுக்கும் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அளவு நாடாவை விரித்து, அதன் கீழ் இருப்பதை எழுத வேண்டும். அங்கே பவளத்தைவிடக் கடற்பஞ்சுதான் அதிகம். உடைந்த பாறைகள் உருளாமல் பிடித்து வைத்திருப்பது அது. அதன் குழாய்களுக்குள் இறால்கள் குடும்பம் நடத்துகின்றன.

நிலையத்தின் படிவத்திலோ இரண்டே கட்டங்கள்: பவளம், கல். ஒரு நாளும் தலை நனையாத யாரோ அச்சடித்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் கையாலேயே கடற்பஞ்சைக் கல் கட்டத்தில் எழுத வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ‘பஞ்சு’ என்று பென்சிலால் குறித்தாள். கணினியில் ஏற்றியவர்களுக்கு ஓரம் கண்ணில் படவில்லை. இப்போது கப்பல் பாதைக்காகச் சரிவை வெடி வைத்துத் தகர்க்கப் போகிறார்கள். முக்கால்வாசி வெறும் கல்லாம்! அவளுடைய கணக்கே சாட்சி.

அவள் ஆட்சேபம் எழுதிப் போட்டதால் ஆய்வாளர் வந்திருந்தார். உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மாதிரியாகத் துறைமுக மேலதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால் மறு கணக்கெடுப்பு நடக்கும். ஒரே ஒரு மாதிரி. அதுதான் விதி.

கரையில் அவள் வாளியைத் தூக்கி வந்து கார் அருகே வைத்தாள். கயிற்றைக் கட்டிவிட்டு வந்த கணவன் ஏதோ சொல்ல, திரும்பினாள். அதற்குள் ஆய்வாளர் வாளியைச் சாய்த்துத் தண்ணீரை மணலில் கொட்டிவிட்டார்.

“சார்! என்ன பண்ணிட்டீங்க?”

“கார் சீட்டெல்லாம் நனையும்மா. ஆபீஸ்ல போய் ஊத்திக்கலாம்.”

“காத்து உள்ள பூந்துடுச்சு சார். குமிழி ஓட்டையெல்லாம் அடைச்சிரும். அதால அத வெளிய தள்ள முடியாது. செத்துடும்.”

“அரை மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?”

“உங்க மூக்கை அரை மணி நேரம் பொத்திட்டு அப்புறம் விடட்டுமா?”

கணவன் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள். “விடுங்க. வேற எடுத்துத் தரேன் சார், இப்பவே இறங்குறேன். பத்து நிமிஷம்.”

“பதிவு எண் போட்டாச்சும்மா. மாத்த முடியாது.”

கார் கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு உள்ளே, பின் சீட்டில், செய்தித்தாள் விரித்து அதன் மேல் வாளி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். கடற்பஞ்சு சாம்பல் நிறமாகிச் சளி போல் வடிந்துகொண்டிருந்தது. மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். ‘உயிர் அறிகுறி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவள் இரண்டாவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் வாங்கி முத்திரை குத்தி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார். வெடி வைக்கும் தேதி அதற்கு நான்கு நாள் முன்னால் இருந்தது. மதியம் கணவன் படகை எடுத்தான். அவள் சரிவில் இறங்கி நாடா விரித்தாள். கல் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.