ஒட்டடை கேட்டுப் போனேன்

நான் சாயல்குடிப் பக்கம் சர்வேயராக இருந்தபோது, அளவுக்கருவியின் தொலைநோக்கிக்குள் குறிபார்க்க இருந்த குறுக்கிழை ஒருநாள் அறுந்துபோனது. வேலை நின்றது. அந்த நாளில் குறுக்கிழை என்பது சிலந்தி நூல்தான். அத்தனை மெல்லிசாக, அத்தனை உறுதியாக வேறெதுவும் கிடைக்காது.

எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். "அக்கா, உங்க வீட்ல ஒட்டடை இருக்கா?"

பொங்கலுக்காக அன்றுதான் வெள்ளையடித்திருந்தார்.

"சுண்ணாம்பு ஈரங்கூடக் காயல, எங்க வீட்ல வந்து ஒட்டடை கேக்குறீக? ஒங்க ரூமு என்ன லட்சணத்துல கெடக்குன்னு பாப்பம்!"

விளக்குமாறும் கையுமாக என் அறைக்குள் நுழைந்தவர், மேலே பார்த்துச் சிரித்தார். நான் படுக்கும் பாய்க்கு நேர்மேலே சிலந்தி ஒன்று புதுநூல் விட்டுக்கொண்டிருந்தது.

"அடிச்சிராதீக அக்கா!" என்று கத்தினேன். விளக்குமாறு அந்தரத்தில் நின்றது.

அந்த நூலை வைத்துத்தான் ஊர் எல்லையெல்லாம் அளந்தேன். என் கூரையைத்தான் அதுவரை அண்ணாந்தும் பார்த்ததில்லை.