வேதசிரோமணியின் மேற்குச் சுவர்

"ஊர்ப் பேரு கெடக்கட்டும். உங்க ஊர்ல தண்ணி எந்தப் பக்கமா ஓடுது, அதச் சொல்லுங்க" என்று எதிர் இருக்கைக்காரரை மடக்குகிறார் வேதசிரோமணி. சானடோரியத்தில் அவர் ஏறிய மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தொடுவதற்குள் யாராவது ஒருவர் இப்படி அவரிடம் மாட்டிக்கொள்வது வழக்கம். சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஆள் குள்ளம், குடை நீளம். பூமிதான் மனுஷனைச் செய்கிறது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர், தொண்டர், பேச்சாளர் எல்லாம் அவர் ஒருவரே.

அனகாபுத்தூர்க்காரர் அகப்பட்டால், "நூலு அலச ஆத்துத் தண்ணி வேணும். அதான் உங்க முன்னோரு அடையாத்துக் கரையில தறியப் போட்டாங்க. தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித்தான் உங்க ஊரே சத்தமாப் பேசுது" என்பார். அந்த மனிதர் இவரைவிட மெதுவாகத்தான் பேசியிருப்பார். அதையெல்லாம் கட்சி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பல்லாவரத்துக்காரர்கள் மலையைப் பார்த்தே வளர்ந்ததால் பிடிவாதக்காரர்கள். கூடுவாஞ்சேரிக்காரருக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ரயில் என்பதால் விருந்துக்கு வந்தாலும் செருப்பைக் கையெட்டும் தூரத்தில்தான் விடுவாராம்.

"இவங்களுக்குத் தல வலிச்சாக்கூட வங்காள விரிகுடாவத்தான் கைகாட்டுவாங்க" என்கிறார் மனைவி மெட்டில்டா.

தம்முடைய ஊரை மட்டும் அவர் இந்தப் பேச்சில் இழுப்பதில்லை. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடும் பனையுமாகக் கிடக்கும் தேரிக்காடு அது. ஆடி மாத மேற்குக் காற்றில் மணல் எழுந்து வந்து வீட்டின் பின்கதவை மூடிவிடும். விடிந்ததும் தகப்பனும் மகனும் ஜன்னல் வழியே குதித்து மணலை அள்ளுவார்கள். மேற்கே சுவர் இல்லாத வீடு அங்கே வீடே அல்ல.

அறுபத்தெட்டில் சிட்லபாக்கம் ஏரிக்குக் கிழக்கே மனை வாங்கியதும் அவர் முதலில் கட்டியது சுற்றுச்சுவரைத்தான். வீடு எழும்ப இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை வெறும் சுவருக்குள் என்ன வளர்க்கப்போகிறார் என்று தெருவே சிரித்தது. மேற்குச் சுவர் மற்ற மூன்றையும்விட உயரம், கருங்கல் அடித்தளம், ஒரு விரல் நுழைய இடுக்குக் கிடையாது. இன்றைக்கும் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அதை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

வடக்கே அடுத்த மனை வெகுகாலம் காலியாகக் கிடந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாட்சா போன வருஷம்தான் அதில் வீடு கட்டிக் குடிவந்தார். இந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வேதசிரோமணி வெளியே வந்தால், பாட்சா வாசலில் நனைந்தபடி நிற்கிறார்.

"இன்னா சார் இது, தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினே கீது. அடுப்பு முழுகிப்போச்சு. பஷீரா கைக்கொழந்தய வச்சிக்கினு கட்டில் மேல குந்திக்கினு கீறா."

பாட்சாவின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வேதசிரோமணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"தண்ணி தானா வீட்டுக்குள்ள வராது, பாட்சா. அது போற வழிய எவனோ மறிச்சிருக்கான், பூமி தெரியாத பய! அவனக் கண்டுபிடிக்காம நான் இன்னிக்குக் கோயிலுக்குப் போகப்போறதில்ல."

வேட்டியை மடித்துக் கட்டினார். குடையை மடக்கி, தண்ணீரில் குத்தி ஆழம் பார்த்தபடி, வெள்ளத்துக்கு எதிர்த்திசையில் நடந்தார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்சா பின்னால் போனார். பாட்சா வீட்டு அடுப்படி, பின்கட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து என்று தண்ணீர் வந்த தடத்தை ஒவ்வோர் அடியாகப் பிடித்துக்கொண்டே போய் வேதசிரோமணி மூலையில் திரும்பினார். குடையின் நுனி சுவரில் இடித்தது.

அவருடைய மேற்குச் சுவர். ஏரியிலிருந்து கிழக்கே இறங்கிய தண்ணீர் இடுப்பளவு நின்று அதை முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பி, பாட்சா வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் மெட்டில்டாவின் முருங்கைமரம் மழையில் மட்டும் நனைந்து நின்றது.

துவைக்கிற கல்மேல் ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்த மெட்டில்டாவுக்கு எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

"தேரிக்காட்டுக்காரக வேற என்னத்தக் கெட்டுவாக? பூமிதான மனுஷனச் செய்யுது!"

வேதசிரோமணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ரயிலில் எத்தனை பேரை அவரவர் ஊரோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருப்பார். தாம் மட்டும் கயிற்றுக்கு வெளியே நிற்பதாக நினைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

"வுடு சார், மழ நிக்கட்டும். ஆள் வச்சு பாத்துக்கலாம்" என்றார் பாட்சா. "நல்ல செவுரு சார்."

"சுவரு நல்ல சுவருதான், பாட்சா. ஊருதான் வேற."

"ஒடச்சா உன் வூட்டுக்குள்ள பூந்துடுமே, சார்."

"வரட்டும். அதுக்கு அதான வழி."

முதலில் கிழக்குச் சுவரில், தண்ணீர் வெளியேறி அப்பாலுள்ள பழைய வாய்க்காலில் விழும்படி இருவருமாக ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு உடைத்தார்கள். அங்கே வேதசிரோமணியின் கை தயங்கவில்லை. பிறகு மேற்கே வந்தார்கள். பாட்சாவே முதல் குத்துக் குத்தப் போனார். வேதசிரோமணி அவரைத் தடுத்து, குடையை மெட்டில்டாவிடம் நீட்டிவிட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். பாட்சா வீட்டுக்குள் பஷீராவின் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

உள்ளங்கையால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்திலேயே கடப்பாரையை இறக்கினார்.